இடப்பக்கக் கதவு

எங்கள் பட்டறை புதுக்கோட்டையிலிருந்து திருச்சி போகும் சாலையில் இருக்கிறது. என் வீட்டுக்காரர் துபாயில் பதினாலு வருஷம் வண்டிகளுக்குத் தகடு தட்டி ஒட்டுகிற டிங்கர் வேலை பார்த்துவிட்டு வந்து போட்டது. நான் கல்யாணத்துக்கு முன்பே தையல் படித்தவள். வீட்டில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தவளை, "சீட்டு கவர் தைக்கிறதும் தையல்தானே" என்று சொல்லி இங்கே கூட்டிவந்தார். இப்போது சீட்டு, தார்ப்பாய், கேன்வாஸ் கூரை எல்லாம் என் பொறுப்பு.

பட்டாளத்துக்காரர் என்று நாங்கள் சொல்கிறவர் குன்றாண்டார்கோவில் பக்கத்து ஊர்க்காரர். ராணுவத்தில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபதைத் தாண்டியவர். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு காலையில் வந்து, "பழைய மிலிட்டரி லாரி ஒண்ணு வாங்கிருக்கேன். கேபின் வேலை பாக்கணும்" என்றார்.

ராணுவம் ஏலத்தில் கழித்துவிட்ட வண்டி அது. நார்த்தாமலைப் பக்கம் ஒரு குவாரியில் வெகுகாலம் கல் சுமந்துவிட்டு, கடைசியில் கருவேலம் புதருக்குள் கிடந்திருக்கிறது. பட்டாளத்துக்காரர் சர்வீஸில் ஓட்டிய அதே ரகம். என்ஜினைத் திருச்சியில் ஒருவர் ஓட வைத்துவிட்டார். கேபின்தான் பார்க்கச் சகிக்கவில்லை. தரைத் தகடு இற்றுப்போய் கீழே மண் தெரிந்தது. முன்கண்ணாடிச் சட்டம் கோணிக்கொண்டு நின்றது. வலப்பக்கக் கதவில் பழைய லாக்கைக் கழற்றிவிட்டுக் குளியலறைக் கதவுக்குப் போடுகிற கொண்டியை வைத்திருந்தார்கள். இடப்பக்கம் கதவே இல்லை. குறுக்கே ஒரு கம்பி மட்டும்.

"வலது கதவப் பாத்து எடதுக்கு ஒண்ணு அடிச்சிருவோம்" என்றார் என் வீட்டுக்காரர்.

"அடிக்கலாம். லாக்குக்கு என்ன செய்வீங்க?" என்று பட்டாளத்துக்காரர் கேட்டார்.

"கொண்டி போட்டுக்கலாம்யா. நீங்க என்ன இதுல லோடா ஏத்தப் போறீங்க?"

பட்டாளத்துக்காரர் கூடாதென்று தலையை ஆட்டினார். "மத்ததெல்லாம் முன்னப்பின்ன இருக்கட்டும். எடது கதவு மட்டும் சாத்துனா சாத்துனதா இருக்கணும்."

அந்தக் கதவை ஏன் அப்படிச் சொல்கிறார் என்று அன்றைக்கு நாங்கள் கேட்கவில்லை.

திருச்சி, மதுரை என்று பழைய இரும்புக் கடைகளுக்கெல்லாம் சொல்லி வைத்தோம். வாட்ஸ்அப்பில் போட்டோ போட்டோவாக வந்தது. எல்லாம் ஜீப்புக் கதவு. தரையும் கண்ணாடிச் சட்டமும் முடிந்து, கூரைக்கு நான் கேன்வாஸும் தைத்தாகிவிட்டது. வண்டி மட்டும் இடப்பக்கம் திறந்தபடியே நின்றது. அப்போதுதான் சீட்டு மாற்ற வந்த மீன் வண்டி டிரைவர் ஒருவர் சுற்றிப் பார்த்துவிட்டு, "இந்த மாதிரி லாரியில முன்னாடி மீமிசல்ல ஐஸ் லோடு அடிப்பாங்க. லாரி போயிருச்சு, கதவு கெடக்கு" என்றார்.

மூன்று பேரும் மீமிசல் போனோம். மீன் இறங்குகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை. அடுப்படியின் பின்வாசலில், ஆடு உள்ளே வராமல் இருக்க ஒரு பாதிக் கதவு. அந்த லாரிகளுக்குக் கதவே இடுப்புயரம்தான், மேலே கேன்வாஸ் திரை வரும். அதைத்தான் கீலோடு பிடுங்கி வாசலில் மாட்டியிருந்தார்கள். இடப்பக்கத்துக் கதவு. கீழ் ஓரத்தை உப்பு தின்றிருந்தது. கைப்பிடியைத் தள்ளினால் லாக் 'டக்'கென்று விழுந்தது. பட்டாளத்துக்காரர் அதை இரண்டு தடவை திறந்து சாத்தினார். மூன்றாவது தடவை கையை எடுக்கவே இல்லை.

கடைக்காரப் பெண்ணுக்கு என் வயசிருக்கும். குழம்பைக் கிண்டிக்கொண்டே, "கதவெல்லாம் தர முடியாதுங்க" என்றாள்.

"வேற நல்ல கதவா போட்டுத் தாரோம்மா" என்றார் என் வீட்டுக்காரர்.

"நீங்க தருவீங்க. ரெண்டு போட்டேன், ரெண்டையும் ஆடு முட்டித் தொறந்துருச்சு. இத மட்டும் அதால தொறக்க முடியல."

அதற்கு மேல் கெஞ்ச எனக்கு மனசு வரவில்லை. "சரிக்கா, கதவு ஒங்களுக்கே இருக்கட்டும். அளவு மட்டும் எடுத்துக்கிறோம்" என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சாப்பாட்டு நேரத்துக்குள்ள மாட்டிரணும்" என்றாள்.

எங்கள் வண்டியில் எப்போதும் பிரவுன் பேப்பர் வைத்திருப்பேன். கதவைக் கழற்றி மணலில் கிடத்தி, மேலே பேப்பரை விரித்து, ஜாக்கெட்டுக்கு மாதிரி வெட்டுவதுபோல ஓரம், வளைவு, துளை எல்லாம் பென்சிலால் தேய்த்து எடுத்தேன். காற்று பேப்பரைத் தூக்கியது. பட்டாளத்துக்காரர் முட்டி போட்டு நாலு மூலையிலும் கல் வைத்தார். என் வீட்டுக்காரர் லாக்கைப் பிரித்து, நாக்கு, ஸ்பிரிங், உள்பக்கத் தகடு ஒவ்வொன்றையும் நோட்டில் வரைந்து அளந்தார். திரும்ப மாட்டும்போது கிரீஸும் போட்டுவிட்டார். கடைக்காரப் பெண் சாத்திப் பார்த்து, "இப்ப இன்னும் நல்லாருக்கு" என்று மூன்று பேருக்கும் மீன் குழம்போடு சோறு போட்டாள்.

கதவு பத்து நாளில் உருவானது. பேப்பரை வைத்துத் தகட்டை வெட்டி, மரக் கட்டையின் மேல் வைத்து ஓரம் மடித்து, உள்ளே சட்டம் கொடுத்தார் என் வீட்டுக்காரர். லாக்குதான் இழுத்தடித்தது. லேத்துப் பட்டறையில் கடைந்து கொடுத்த முதல் நாக்கு மெத்தென்று இருந்து, ஒரு வாரத்தில் முனை மழுங்கிவிட்டது. அடுத்ததை நல்ல இரும்பில் கடைந்து, பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கினார்கள். அது சரியாக விழுந்தது.

பட்டாளத்துக்காரருக்குத் திருப்தி இல்லை. தினமும் பஸ் ஏறி வந்தார். கதவைச் சாத்துவார், உள்ளே உட்கார்ந்து தோளால் முட்டுவார், இறங்கி வந்து வெளியிலிருந்து இழுப்பார். அஞ்சாவது நாள் என் வீட்டுக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. "அய்யா, என் வேலைமேல நம்பிக்கை இல்லன்னா வேற எடம் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டார்.

நான் தையல் மிஷினை நிறுத்தினேன். பட்டாளத்துக்காரர் லாரிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அவர் வேலைய ஒண்ணும் சொல்லல ஆத்தா. நாப்பது வருஷத்துக்கு முன்ன மலையில ஒரு ரோட்டுல எதுக்க வண்டி வந்துச்சு. வழிவிட ரிவர்ஸ் எடுத்தேன். எடது கதவு தொறந்துக்கிச்சு, கூட இருந்தவன் விழுந்துட்டான். ஒரே காலு, மூணு எடத்துல ஒடஞ்சு போச்சு. அந்த லாக்கு லூசுன்னு காலையிலயே எனக்குத் தெரியும். கயித்தப் போட்டுக் கட்டிட்டு வண்டிய எடுத்தேன். ரிப்பேருக்கு விட்டிருக்கணும்."

"அவர் இப்ப எங்க இருக்கார்?"

"தேனிப் பக்கம். வருசத்துக்கு ஒருக்கா போன் பண்ணுவான். காலப் பத்தி நானும் கேக்க மாட்டேன், அவனும் சொல்ல மாட்டான்."

"வரச் சொல்லுங்களேன்" என்றேன். டீக்கடையிலிருந்து வந்ததும் என் வீட்டுக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் லாக்கை இன்னொரு தடவை கழற்றி, ஸ்பிரிங்கைக் கொஞ்சம் விறைப்பானதாக மாற்றினார்.

பெயின்ட் காய்ந்து வண்டி எடுக்கிற அன்றைக்கு, பட்டாளத்துக்காரர் போனில் கூப்பிட்டு அந்தத் தேனிக்காரர் வந்தார். ஒல்லியான மனிதர், கையில் ஊன்றுகோல். வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். பட்டாளத்துக்காரர் இடப்பக்கம் போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். தேனிக்காரர் சிரமப்பட்டு ஏறி உட்கார்ந்ததும் கதவைச் சாத்தி, வெளியிலிருந்து இழுத்துக் காட்டினார்.

"பாரு. அசையாது."

தேனிக்காரர் கைப்பிடியைத் தடவிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "கயிறு அவுரலப்பா. நாந்தான் அவுத்தேன்."

பட்டாளத்துக்காரருக்கு விளங்கவில்லை.

"பின் டயரு ரோட்டு வெளிம்புல நிக்குதான்னு பாக்கக் கதவத் தொறந்தேன். நீ அங்கிட்டு வலது பக்கம் பாத்துக்கிட்டிருந்த. விசாரணையில கதவு தானாத் தொறந்துச்சுன்னு சொல்லிட்டேன். என் தப்புன்னா பென்ஷன் கெடைக்காதுன்னு பயம். அப்புறம் சொல்ல வெக்கமாப் போச்சு."

நான் கையிலிருந்த கேன்வாஸை மடித்துக்கொண்டே இருந்தேன். மடித்ததையே திரும்ப மடித்தேன். பட்டாளத்துக்காரர் தண்ணீர்த் தொட்டிக்குப் போய் முகத்தைக் கழுவினார். துண்டால் துடைத்துவிட்டு மறுபடியும் கழுவினார். வந்து டிரைவர் சீட்டில் ஏறி, வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார். இரண்டு பேரும் நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

வண்டி போன பிறகு, "அப்ப கதவுமேல குத்தமே இல்லையா?" என்றார் என் வீட்டுக்காரர். எனக்கு அந்தக் கயிறுதான் மனசில் நின்றது. செய்யாத தப்பை ஒருவர் நாற்பது வருஷம் சுமந்திருக்கிறார். செய்தவர் அதைச் சொல்ல முடியாமல் சுமந்திருக்கிறார். யாருக்குப் பாரம் அதிகம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஒரு மாசம் கழித்துப் கதவுக்கு மேலே வருகிற கேன்வாஸ் திரையைத் தைக்கச் சொல்லிப் பட்டாளத்துக்காரர் வந்தார். மெதுவாகக் கேட்டேன்.

"கோவந்தான் ஆத்தா. ரெண்டு நாளு எங்க வீட்டுலதான் இருந்தான். சோறு போட்டேன், பாய் போட்டேன், பேசல. மூணாம் நாள் பஸ் ஏத்திவிடப் போனேன். பஸ்சு லேட்டு. அப்பத்தான் பேசுனோம்."

"என்ன பேசுனீங்க?"

"ஒங்க பக்கம் மழை உண்டான்னு கேட்டேன்" என்றார். "நல்ல மழையாம்."