நான் விட்ட மீன்

தொண்ணூறுகளில் ஒரு கோடை மாலை, நானும் மனைவியும் ரொறன்ரோவுக்கு வடக்கே ஓர் ஆற்றுக்கு மீன் பிடிக்கப் போனோம். ஆற்றின் மேல் பூச்சிகள் புகைபோல எழுந்தன. ட்ரவுட் மீன்கள் துள்ளித் துள்ளி அவற்றை விழுங்கின. என் தூண்டிலில் இருந்த இறாலை ஒன்றுகூடச் சீண்டவில்லை.

பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரர், மனைவியின் சட்டைக் கையில் வந்து குந்திய பூச்சியை உற்றுப் பார்த்தார். இறகையும் நூலையும் சுற்றிச் செய்த, அதே நிறப் பொய்ப்பூச்சி ஒன்றைத் தூண்டிலில் கட்டி வீசினார். உடனே ஒரு மீன் அகப்பட்டது. கொக்கியைக் கழற்றியதும் அது அவர் கையிலிருந்து தண்ணீருக்குள் போனது.

"ஐயோ, வழுக்கிப்போட்டுது!" என்று கத்தியபடி சப்பாத்தோடு பாய்ந்தேன். கரையோரம் களைத்துக் கிடந்த மீனை இரண்டு கையாலும் பிடித்தும்விட்டேன்.

"வழுக்கேல்லையப்பா. அவர் வேணுமெண்டுதான் விட்டவர்" என்றாள் மனைவி.

"பிடிச்சதை ஏன் விடுவான்?"

"எனக்கென்ன தெரியும்? அவரைக் கேளுங்கோ."

எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டேன். "நீயே விட்டுப் பார்" என்றார்.

தண்ணீருக்குள் விரல்களை விரித்தேன். மீன் உடனே போகவில்லை. என் உள்ளங்கையில் கிடந்து மூச்சு வாங்கிவிட்டு, பிறகு மெல்லப் போனது.

வீடு, காணி, ஊர் என்று அதுவரை போரில் என் கையைவிட்டுப் போன எதுவும் என்னைக் கேட்டுப் போகவில்லை. நானாக விட்டது அந்த ஒரு மீனைத்தான்.