அவர் வாசலைப் பார்த்த கேமரா

எங்கள் ஊருக்கு கேமரா வந்ததில் எனக்கும் பங்கு உண்டு. மனுவைத் தூக்கிக்கொண்டு தியாகதுருகத்துக்கும் கள்ளக்குறிச்சிக்கும் அலைந்தவன் நான்தான். ஊர் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசாங்கம் போடும் என்றார்கள். அந்தக் காசு வருவதற்குள் நமக்கெல்லாம் பல் விழுந்துவிடும் என்று டீக்கடையில் ஒரே கிண்டல். நாலே மாதத்தில் வந்துவிட்டது. அலுவலகங்களைத் திட்டியே பழகிய எனக்கு, அன்று யாரைத் திட்டுவதென்று தெரியவில்லை.

எங்கெங்கே வைப்பது என்று பேச ஊராட்சி அலுவலகத்தில் கூடினோம். கோயில், பேருந்து நிறுத்தம் இரண்டிலும் தகராறு இல்லை. அதற்கு மேல்தான் வேடிக்கை. எல்லாருக்கும் அவரவர் தெருவில் கேமரா வேண்டும். ஆனால் அவரவர் வாசலை மட்டும் அது பார்க்கக் கூடாது. "எங்க வூட்டுக்கு யார் வர்றா போறான்னு ஊரே பாக்கணுமா?" என்று ஒருவர் சண்டைக்கே வந்துவிட்டார். நானும் அந்தக் கட்சிதான்.

அப்போது பின்னால் நின்றிருந்த ஒருவர் கையைத் தூக்கினார். கரும்பு வெட்டும் கூலிக்காரர். ஊர்க்கோடியில், நிலங்களுக்குப் போகும் பாதை தொடங்குமிடத்தில் அவர் வீடு.

"எங்க வூட்டப் பாத்தாப்ல ஒண்ணு வையுங்க" என்றார்.

கூட்டம் சிரித்தது. "உன் வூட்ல திருட இன்னாய்யா இருக்குது?"

"திருட ஒண்ணும் இல்லீங்க. நான் வூட்ல இருக்கறது தெரியணும்."

சிரிப்பு சட்டென்று நின்றது. சில வருடங்களுக்கு முன் என் கரும்பு வயல் மோட்டாரின் காப்பர் ஒயரை யாரோ அறுத்துக்கொண்டு போனார்கள். சந்தேகம் யார் மேல் என்று போலீஸ் கேட்டபோது நான் இவர் பெயரைச் சொன்னேன். எதையும் பார்த்துச் சொல்லவில்லை. அந்தப் பாதையில் வீடு, அவ்வளவுதான். இரண்டு நாள் ஸ்டேஷனில் உட்கார வைத்து அனுப்பினார்கள். திரும்பி வந்தவரை ஒரு மாதம் யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. அதன் பிறகும் ஊரில் எது காணாமல் போனாலும் முதலில் அவர் வாசலில்தான் போய் நின்றார்கள். பெயரைச் சொன்னது நான் என்பது அவருக்குத் தெரியாது என்று நினைத்து நிம்மதியாக இருந்தேன்.

நிலத்துப் பாதையும் சேர்ந்து தெரியும் என்பதால் அவர் கேட்ட இடத்திலேயே கம்பம் நட்டார்கள். அன்றிலிருந்து வாசலில் கயிற்றுக்கட்டில் போட்டுப் படுக்க ஆரம்பித்தார். காற்றுக்காக என்று நினைத்துக்கொண்டேன்.

போன கார்த்திகையில் மறுபடியும் என் ஒயரை அறுத்துவிட்டார்கள். காலையில் போலீஸ் வந்து அதே கேள்வியைக் கேட்டது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அதே பெயர்தான் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதற்குள் அவரே வந்துவிட்டார். குளித்து, துவைத்த சட்டை போட்டு, யாரும் கூப்பிடாமலே வந்து நின்றார்.

"பொட்டியப் போட்டுப் பாருங்க" என்றார்.

ஊராட்சி அலுவலகத்தில் இருந்த மானிட்டரில் போட்டுப் பார்த்தோம். இரவு முழுக்கக் கட்டிலில் படுத்திருந்தார். பாதையில் நாய் தவிர யாருமில்லை, திருடன் வேறு வழியாக வந்திருக்கிறான். கிளார்க் சும்மா இருக்காமல் முந்தைய நாட்களையும் ஓட்டினார். தினமும் அதே கட்டில், அதே ஆள். கல்வராயன் மலைப் பக்கமிருந்து மழை வந்த ஒரு நாள் உடம்பின் மேல் தார்ப்பாயை இழுத்துப் போட்டுக்கொண்டார். முகத்தை மட்டும் மூடவில்லை. நனைந்துகொண்டே, கேமராவைப் பார்த்தபடி படுத்திருந்தார்.

போலீஸ்காரர் மானிட்டரை அணைத்துவிட்டு, "நீ போப்பா" என்றார். நான் பின்னாலேயே ஓடினேன்.

"ஏய்யா, இந்தப் பனியில, மழையில, ஏன் வெளிய படுத்துக்கினு கெடக்கற?"

"உள்ள படுத்தா அதுக்குத் தெரியாதுங்களே."

எங்கள் ஊரில் இவ்வளவு யோசித்து, இவ்வளவு பொறுமையாகத் தன் மானத்தைக் காப்பாற்றிக்கொண்ட இன்னொரு மனிதரை நான் பார்த்ததில்லை. அதற்கு மேல் மறைக்க முடியவில்லை.

"அன்னைக்கு உன் பேரைச் சொன்னது நான்தான்யா."

"தெரியுங்க. ஸ்டேஷன்லயே சொன்னாங்க."

தெரிந்துகொண்டேதான் வருடா வருடம் என் கரும்பை வெட்டியிருக்கிறார். ஒரு நாளும் முகம் கோணியதில்லை.

"இனிமே உள்ள படு. எவன் வந்து கேட்டாலும் நான் இருக்கறேன்" என்றேன்.

அவர் என்னை நேராகப் பார்த்தார். கோபம் எதுவும் இல்லை.

"அன்னைக்கும் நீங்க இருந்தீங்களே" என்றார்.