முன்தண்டு வைகுந்தின் ஆயிரத்து ஐந்நூறு கலோரி

திருவள்ளூரில் வெறும் வைகுந்து என்று கேட்டால் நாலு பேரைக் காட்டுவார்கள். முன்தண்டு வைகுந்து என்று கேட்டால் பூக்கடைக்காரரே வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விடுவார். உற்சவ காலத்தில் பெருமாளை ஏளப்பண்ணும், அதாவது வாகனத்தோடு தோளில் தூக்கிவரும் குடும்பம். வாகனத்தைத் தாங்கும் முன்தண்டில் வலப்பக்கம் அவன் இடம். இருபது வயதில் அப்பா போனபோது கைக்கு வந்த ஒரே சொத்து அதுதான். இப்போது அவனுக்கு நாற்பத்தொன்று.

வயிற்றுப்பாட்டுக்குத் தேர்வாய் கண்டிகையில் டப்பா செய்யும் கம்பெனி ஒன்றில் ஸ்டோர்ஸ் வேலை. நாள் முழுக்க நாற்காலி. போன மாசி மாதம் கம்பெனியில் எல்லோருக்கும் உடம்பு பரிசோதித்தார்கள். எடை தொண்ணூற்றாறு, சர்க்கரை எல்லையைத் தாண்டியிருந்தது. இப்படியே போனால் கால் மரத்துப்போகும் என்றாள் நர்ஸ். அதற்குமேல் அவள் சொன்ன எதுவும் அவன் காதில் ஏறவில்லை. கால் போனால் தண்டும் போய்விடும் என்பது ஒன்றுதான் மண்டைக்குள் ஓடியது.

பக்கத்து மேஜை ஜெயராஜ்தான் வழிகாட்டினான். “இன்னா வைகுந்து, இதுக்குப் போய் பேஜாராவுற? போன்ல ஒரு ஆப் கீது. துன்றத எழுது, நடக்கறத எழுது. ஒரு நாளைக்கி எவ்ளோ துன்னலாம்னு அதுவே சொல்லும். நானே ஆறு கிலோ கொறச்சுகினேன் நைனா.”

என்ன வேலை என்று ஆப் கேட்டது. உட்கார்ந்து செய்யும் வேலை என்று பதில் போட்டான். ஒரு நாளைக்கு ஆயிரத்து ஐந்நூறு கலோரி என்று விதித்தது. இரண்டே மாதத்தில் ஐந்து கிலோ குறைந்தான். கூடவே வீட்டில் இருப்பவர்களின் நிம்மதியும் குறைந்தது. இட்லியைப் பார்த்ததும் எத்தனை கலோரி என்று சொல்கிற மனிதனோடு யார் நிம்மதியாகச் சாப்பிட முடியும்?

சித்திரை உற்சவம் வந்தது. பத்து நாள் லீவு போட்டான். காலையும் மாலையும் புறப்பாடு, ஒவ்வொரு முறையும் நாலு மாடவீதி. மனைவி மிருதுளாவுக்கு அன்றே பொறி தட்டியது.

“ஏன்னா, தூக்கறதையும் அதுல எழுதுங்கோ. சும்மா நடந்தாலே நூறு கூடச் சாப்பிடலாம்ங்கறதே, வாகனம் தூக்கினா ஆயிரம் தராதா?”

“பெருமாளை ஏளப்பண்றதை எக்ஸர்சைஸ்னு எழுதச் சொல்றியா? அபசாரம்டி!”

“புளியோதரையை மட்டும் முந்நூறுன்னு எழுதறேளே, அது அபசாரம் இல்லையா?”

அவனுக்குக் கோபம் வந்தது. துண்டை உதறிப் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போய்விட்டான்.

இப்படியாக, இருபத்தொரு வருஷத் தோளை ஆப் அறியவே இல்லை. தூக்கும் நேரமெல்லாம் போன் வீட்டு அலமாரியில் கிடந்ததால், ஐயா வீட்டில் படுத்துக் கிடக்கிறார் என்று முடிவு செய்து, நடை போதாது என்று தினம் ஒரு அதட்டல் வேறு போட்டது. புறப்பாடு முடிந்ததும் தூக்கியவர்களுக்கு ஆளுக்கொரு தொன்னை பிரசாதம் தருவது வழக்கம். மற்றவர்கள் வழித்துத் தின்றார்கள். வைகுந்து கண்ணில் ஒற்றி, ஒரு கிள்ளு வாயில் போட்டுக்கொண்டு, மிச்சத்தை மகள் கமலினிக்குக் கொண்டுபோனான். போனில் எழுதினான்: புளியோதரை, முந்நூறு, வேண்டாம் என்று விட்டது.

மூன்றாம் நாளே படியேறும்போது தொடை நடுங்கியது. நாலாம் நாள் குனிந்து எழுந்தால் தலை சுற்றியது. கொழுப்பு கரைகிறது என்று சந்தோஷப்பட்டான், பைத்தியக்காரன்.

ஐந்தாம் நாள் விடியற்காலை கருட சேவை. ஊரே திரண்டிருந்தது. இருப்பதிலேயே கனமான வாகனம் அது. வடக்கு மாடவீதித் திருப்பத்தில் பாரமெல்லாம் முன்தண்டின் வலப்பக்கம்தான் இறங்கும். அங்கேதான் அவனுக்குக் கண் இருட்டி முழங்கால் மடிந்தது. வாகனம் சாய்ந்தது. கூட்டம் அலறியது. அவனுக்குப் பின்னால் நின்ற சித்தப்பா மகன் கேசவ் முழுப் பாரத்தையும் தன் தோளில் வாங்கினான். பெருமாளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கேசவுக்குத்தான் காறை எலும்பு முறிந்தது.

வாகனம் மண்டபம் சேர்வதற்குள் ஊர் முழுக்கப் பேச்சு பரவிவிட்டது. தண்ணி போட்டுவிட்டு வந்து தண்டைப் பிடித்திருக்கிறான் என்றார்கள். இத்தனை வருஷம் அவன் முகத்தைப் பார்த்துக் கும்பிட்டவர்கள்தான்.

யார் எந்தத் தண்டில் நிற்பது என்று முடிவு செய்பவர் பெரியப்பா ராமானுஜம். அவனைத் தனியாகக் கூப்பிட்டார்.

“குடிச்சிருந்தியா?”

“சத்தியமா இல்லை பெரியப்பா.”

“பின்னே ஏன்டா விழுந்தே?”

போன் காப்பாற்றும் என்று நம்பினான். மிருதுளாவை விட்டு எடுத்துவரச் சொல்லி, உடம்புக்காகப் பட்டினி கிடந்ததை நாள் நாளாக எடுத்துக் காட்டினான். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார். ஐந்து நாளையும் படித்தார்.

“குடிச்சேன்னு சொல்லியிருந்தாக்கூட ஒரு வருஷம் தள்ளி வெச்சுட்டு மறுபடி நிறுத்தியிருப்பேன். பெருமாள் பிரசாதத்தை வேண்டாம்னு எழுதி வெச்சிருக்கியேடா.”

கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார். அன்று மாலைப் புறப்பாட்டில் முன்தண்டின் வலப்பக்கம் வேறொருவன் நின்றான்.

வைகுந்து வீட்டில் இலை முன்னால் உட்கார்ந்திருந்தான். மிருதுளா சோற்றைப் போட்டாள். மேளச் சத்தம் தெருமுனைக்கு வந்தது, வாசலைக் கடந்தது, தேய்ந்தும் போனது. அவன் தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டே இருந்தான்.