பட்டாணிப் பாத்தியில் ரெமியின் புறாக்கள்

கென்ட் நகரில் எங்கள் தெருமுனை மனை ஒரு காலத்தில் நிலக்கரிக் கிடங்கு. இன்றைக்கும் கேரட் பிடுங்கினால் கரித்துண்டு கூடவே வரும். கிடங்கு போனதும் ரெமி அங்கே பந்தயப் புறாக்களுக்குக் கூடு கட்டினார். தூரத்தில் திறந்துவிட்ட புறா எத்தனை மணிக்குக் கூடு திரும்புகிறது என்பதுதான் பந்தயம்; ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த மனுஷன் வானத்தைத் தவிர எதையும் பார்த்ததில்லை. மனைவி முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டதே பக்கத்து வீட்டார் சொல்லித்தான் அவருக்குத் தெரியும்.

பிறகு மனையைத் தெருத் தோட்டமாக்கினோம். கூட்டை இடித்தார்கள், ரெமிக்கு ஒரு பாத்தி கொடுத்தார்கள். புறாக்கள் கோர்ட்ரைக் ஊரில் இருக்கும் அவருடைய சிநேகிதன் ஃபிர்மினிடம் போயின.

"வெளிய விட்டுடாதப்பா, நேரா இங்கதான் வரும்" என்று ரெமி படித்துப் படித்துச் சொன்னார். ஃபிர்மினுக்கு இளகிய மனசு. பாவம், கொஞ்சம் காற்று வாங்கட்டுமென்று ஞாயிறுதோறும் கதவைத் திறந்தான். அவை வந்து பழைய இடத்தில் இறங்கின. அங்கே இப்போது தோட்டத் தலைவி லூட்கார்டின் பட்டாணி.

"உங்க புறா தின்ன மிச்சத்துலதான் நான் சூப் வைக்கணுமா?" என்று கத்தினாள் லூட்கார்ட்.

"அதுங்களுக்கு இது வீடும்மா. நீங்கதான் நேத்து குடிவந்தவங்க."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். இன்னொரு ஞாயிறு புறா வந்தால் ரெமியின் பாத்தியைப் பிடுங்குவதென்று கூட்டத்தில் முடிவானது. எனக்கு ஆத்திரமாக வந்தது. மனுஷனுக்கு மிச்சமிருந்தது வெங்காயத்தாள் மாதிரியான அந்த லீக்ஸ் பாத்தி ஒன்றுதான். இந்த ஞாயிறு கதவைத் திறக்காதே என்று ரெமி ஃபிர்மினிடம் ஃபோனில் கெஞ்சினார்.

அந்த ஞாயிறு, கையும் களவுமாகப் பிடிக்க எல்லாரும் வந்துவிட்டோம். நாற்காலி, பீர், சீஸ், கடுகு விழுது. அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தது.

"எதிர்க்காத்து. லேட்டாத்தான் வரும்" என்றாள் லூட்கார்ட். இவளுக்கு எப்படித் தெரியுமென்று கேட்காதீர்கள், இந்தப் புறாப் பந்தய ஊரில் பிறந்தவள்.

சாயங்காலம்வரை ஒன்றும் வரவில்லை. பாத்தி பிழைத்தது. யாருக்கும் சந்தோஷமில்லை. ரெமி லீக்ஸ் நடுவே நின்று இன்னும் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார், கண் கலங்கியிருந்தது.

"அதுங்க நல்லாத்தானே இருக்கும்?" என்றார்.

லூட்கார்ட் எழுந்தாள். முதலில் தன் பட்டாணிமேல் வலையை இழுத்துக் கட்டினாள். அப்புறம் ஃபோனை எடுத்தாள்.

"ஃபிர்மினா? தோட்டத் தலைவி பேசறேன். கதவைத் திறய்யா. திறந்ததும் மணி என்னன்னு சொல்லு, இங்க எல்லாரும் நேரம் பாக்கக் காத்திருக்கோம்."