ஆற்றங்கரைக்கு வந்த வாளிகள்

ரொறன்ரோவின் ரூஜ் பக்கம் ஒரு மண்டபத்தில் எங்கள் வாசகர் வட்டம் கூடுவது வழக்கம். சென்ற மாசிக் கூட்டத்தில் மேற்கு ஆபிரிக்க நாவல் ஒன்றைப் பற்றி நான் பேசவேண்டியிருந்தது. தங்கச் சுரங்கத்தின் கழிவால் ஓர் ஆறு கெட்டுப்போகிற கதை. வெள்ளைக்காரன் போய்க் கொடி மாறிய பிறகும் சுரங்கம் மாறுவதில்லை. மீன்கள் செத்து மிதக்கின்றன. பிள்ளைகளின் தோல் உரிகிறது. முறையிட்ட பெண்களுக்குக் கொம்பனி ஆளுக்கொரு பிளாஸ்ரிக் வாளி கொடுத்து, தூரத்துக் கிணற்றில் அள்ளச் சொல்கிறது.

நாவலை மூன்று தடவை வாசித்தேன். அவர்களுக்கும் ஈழத்துத் தமிழரான எங்களுக்கும் உள்ள ஒற்றுமைகள் பதினொன்று என்று எண்ணி வைத்தேன். ஒரு பக்கத்தை மட்டும் பேசாமல் விடுவதென்று முடிவு செய்தேன். அந்தக் கொம்பனியின் தலைமையகம் ரொறன்ரோவில் இருப்பதாக அதில் வருகிறது. என் மகளும் இந்நகரில் ஒரு சுரங்கக் கொம்பனியில்தான் கணக்காளர். கதை கற்பனைதான். ஆனாலும் சபையில் யாராவது அவளோடு முடிச்சுப் போட்டுவிட்டால் என்ன செய்வது என்று எனக்குப் பயம்.

எங்கள் வீடு இருக்கும் ஸ்ரௌவ்வில்லில் இருந்து அவள்தான் காரில் கூட்டிவந்தாள். காரிலேயே இருப்பாள் என்று நினைத்தேன். குளிர் தாங்காமல் உள்ளே வந்து கடைசி வரிசையில் இருந்துவிட்டாள்.

பேச்சு குறையில்லாமல் முடிந்தது. கேள்வி நேரத்தில் எல்லோரும் தங்களையே அந்த ஆற்றங்கரையில் வைத்துப் பேசினார்கள்.

"அண்ணை, உது எங்கட கதைதானே! ஆக்களின்ரை பேரை மாத்தினால் சரி," என்றார் வட்டத்தின் தலைவர். சபை தலையாட்டியது. நானும் ஆட்டினேன்.

மகள் எழும்பினாள்.

"அங்கிள், நான் இஞ்சை ஒரு மைனிங் கொம்பனியிலை எக்கவுண்டன்ற். நாங்களும் உப்பிடி வாளி குடுக்கிறனாங்கள். அந்தச் செலவைக் 'கொம்யூனிற்றி ரிலேஷன்ஸ்', ஊர்ச் சனத்தோடை நல்லுறவு எண்டு நான்தான் பதியிறனான். நாங்கள் இப்ப ஆத்தங்கரையிலை இல்லை. ஒஃபிஸிலை இருக்கிறம்."

சபை தலைவரைத் திரும்பிப் பார்த்தது.

"உங்கட கொம்பனி நல்ல கொம்பனியாயிருக்கும், பிள்ளை," என்றார் தலைவர்.

"அந்தத் தண்ணியைக் குடிச்சுப் பாத்தால்தான் தெரியும், அங்கிள்."

"சரி சரி, தேத்தண்ணியும் ரோல்ஸும் ஆறப்போகுது, எல்லாரும் வாங்கோ," என்று கூட்டத்தை முடித்துவிட்டார் அவர்.

திரும்பும்போது காரை நெடுஞ்சாலையில் ஏற்றினாள். பிறகு கேட்டாள்:

"அந்தப் பக்கத்தை ஏன் விட்டனீங்கள், அப்பா? புத்தகம் உங்கட மேசையிலை கிடக்கேக்கை நானும் வாசிச்சனான்."

"உனக்காகத்தான் பிள்ளை."

"எனக்காக விடாதேங்கோ. இவ்வளவு வருசத்திலை அங்கை என்ன வேலை செய்யிறாய் எண்டு நீங்கள் ஒருநாளும் கேக்கேல்லை. சம்பளம் காணுமோ எண்டுதான் கேட்டனீங்கள்."

"இப்ப கேக்கிறன்."

வழிநெடுகச் சொல்லிக்கொண்டே வந்தாள். வீட்டு வாசலில் காரை நிறுத்திய பிறகும் சொன்னாள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பெற்றோல் வீணாகிறதே என்று எனக்கு அந்தரமாக இருந்தது. ஆனால் அவளை நிறுத்தச் சொல்லவில்லை.