சுண்ணாம்பு படாத சிவப்புக் குறி

எங்கள் வீட்டு வாசல் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிவப்புப் பெருக்கல் குறி இருக்கிறது. நோன்பு வருமுன் வருஷா வருஷம் சுவர் முழுக்க வெள்ளையடிப்போம். அந்தக் குறியை மட்டும் தொட மாட்டோம். "இன்னாம்மா, இத்த மட்டும் வுட்டுட்டீங்க?" என்று கேட்காத ஆளில்லை. விடாமல் என்ன செய்வது? அது என் மாமி ஜெயித்த குறி.

ஐம்பதுகளில் கால்வாய்க்குப் பாலம் கட்ட வந்தார்கள். பாலத்தை யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை. படகு வராமல் கரையிலேயே பிரசவ வலியில் துடித்த பெண்களை ஊருக்கே தெரியும். ஆனால் பாலத்திலிருந்து இறங்கும் ரோடு நேராக எங்கள் தெருவைப் பிளந்துகொண்டு போகும் என்றார்கள். புதுப்பட்டினத்தில் அது டச்சுக்காரன் காலத்துத் தெரு. வீட்டுக்கு வீடு பொதுச்சுவர், கோடியில் கல்தூண் பள்ளிவாசல். ஒன்றை இடித்தால் அடுத்தது தானே சாயும்.

இடிக்க வேண்டிய வீடு என்று காண்ட்ராக்டர் முதல் குறியை இங்கேதான் போட்டான்; அப்போது இது மாமி வீடு. என் தாய்மாமன் மௌத்தாகி, அடக்கம் செய்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. பிள்ளையும் இல்லை. கேட்க நாதியற்ற வீடு என்று நினைத்துவிட்டான் மகராசன். அங்கேதான் மண்ணைக் கவ்வினான். புருஷனைப் பறிகொடுத்தவள் எங்களில் நாலு மாதம் பத்து நாள் இத்தா இருப்பாள்; வாசல் தாண்ட மாட்டாள், அந்நிய ஆண் கண்ணில் பட மாட்டாள். அவளை எப்படிக் காலி பண்ண வைப்பது?

துணைக்கு அந்த வீட்டில் இருந்த சிறுமி நான். இஞ்சினியர் வந்து திரைக்கு வெளியே நின்று தன்மையாகத்தான் பேசினார். வேறு இடம் தருவோம் என்றார். மாமி அழுத கண்ணைத் துடைத்துக்கொண்டு திரைக்குள்ளிருந்தே கேட்டாள்:

"இன்னா சார், தண்ணி மேலயே பாலம் போடுறீங்கோ, ஒரு தெருவச் சுத்திக்கினு போவத் தெரியாதா? வடக்கால மணலு சும்மாத்தானே கெடக்குது? என் இத்தா முடியிற வரிக்கும் ஒருத்தனும் உள்ள கால் வெக்கக் கூடாது. முடிஞ்சப்பறம் நானே வாசல்ல வந்து நிக்கிறேன். அப்போ இடிங்க, பாக்கலாம்."

இஞ்சினியர் வடக்குப் பக்கம் மணலைப் போய்ப் பார்த்துவிட்டுக் கிளம்பினார். மறுநாள் காண்ட்ராக்டர் கூலியாட்களோடு வந்து குதித்தான். அவர்கள் உள்ளடங்கிய கிராமத்து ஆட்கள், எங்கள் மார்க்கத்தார் இல்லை. விஷயம் கேள்விப்பட்டதும் கடப்பாரையைக் கீழே போட்டார்கள். "சாவு வூட்ல கடப்பாரை வெக்க மாட்டோம் அண்ணாத்த. எங்க வூட்லயும் பொம்பளைங்க கீறாங்க," என்றார் அவர்களில் பெரியவர். அப்பா, அந்த ஆள் நல்லா இருக்கணும்!

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. கால்வாய் பொங்கி வேலை நின்றது. இத்தா முடிந்த அன்று மாமி குளித்து, முக்காடிட்டு, சொன்ன சொல்படி அந்தக் குறியின் கீழே வந்து நின்றாள். பொழுது சாயும்வரை நின்றாள். எவனும் வரவில்லை. ரோடு வடக்கே மணல் பக்கம் வளைந்துபோனது. இன்றைக்கும் அந்த வளைவில் பஸ் டிரைவர்கள் திட்டிக்கொண்டே ஸ்டியரிங்கை ஒடிக்கிறார்கள். திட்டட்டும்.

அந்த வருஷம் வெள்ளையடிக்க வந்தவனிடம் மாமி சொன்னாள்: "அது மேல ஒரு சொட்டு படக் கூடாது. அவன் தோத்த எடம் தெரியணும்."

மாமி போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. போன வாரம் பெயிண்ட் டப்பாவோடு ஒரு பையன் வந்தான். ரோட்டை அகலப்படுத்தி, வளைவை நேராக்கப் போகிறார்களாம். நான் நாற்காலியைக் கொண்டுவந்து குறியின் கீழே போட்டு உட்கார்ந்தேன்.

"போடு தம்பி, பழைய குறிக்குப் பக்கத்திலேயே எடம் கீது. வர்ற நோன்புக்கு ரெண்டையும் வுட்டுட்டு வெள்ளையடிச்சிக்கிறோம்."