எக்ஸ்ரே வாங்கிய தள்ளுகதவு வண்டி

தொழிற்சாலை கேட்டில் லாரியை நிறுத்தி, நீளக் கம்பியின் நுனியில் மாட்டிய கண்ணாடியை அதன் வயிற்றுக்கடியில் விட்டுப் பார்ப்பதுதான் அவருக்கு உத்தியோகம். உள்ளே வரும்போது ஒரு பார்வை, வெளியே போகும்போது ஒரு பார்வை. பார்த்துப் பார்த்து, எதற்கும் ஒரு அடிப்பக்கம் உண்டு, அங்கே எவனோ எதையோ ஒளித்து வைத்திருக்கிறான் என்பது ரத்தத்தில் ஊறிப்போயிற்று. டிரைவர்கள் அவருக்கு எக்ஸ்ரே என்று பேர் வைத்தார்கள். காய்கறிக் கடையில் தராசுத் தட்டைத் தூக்கி அடியைத் தடவிப் பார்க்கிற மனுஷனுக்கு வேறு என்ன பேர் வைப்பது? மனைவி போய்வந்த தையல் வகுப்பையும் அவர் விட்டுவைக்கவில்லை. இத்தனை மாசம் போயும் ஒரு தலையணை உறைகூட வீடு வந்து சேரவில்லையே, அந்த டீச்சர் தண்டத்துக்குப் பணம் பிடுங்குகிறாள் என்பார். மனைவி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

இப்படிப்பட்டவர் பழைய வண்டி வாங்கக் கிளம்பினால் எப்படியிருக்கும்?

வண்டி தேவைப்பட்டது மாமனாருக்காக. ஆயுசு முழுக்கத் தெருத்தெருவாக நடந்த தபால்காரர் அவர். பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. ஒரே மகள் என்பதால் இங்கேதான் இருந்தார். பிசியோதெரபிப் பயிற்சி நிலையத்துக்கு ஆட்டோவில் ஏற்றினால் குனிய முடியாது. இரண்டு பேர் மூட்டை மாதிரித் தூக்கிப் போட வேண்டும். ஒருநாள் கை நழுவி அவரை ரோட்டிலேயே கீழே போட்டுவிட்டார்கள். பயிற்சி கொடுக்கும் அம்மா கறாராகச் சொல்லிவிட்டாள்: வாரம் மூன்று தடவை வரவேண்டும், இந்தக் காலத்தை நழுவவிட்டால் கால் அப்படியே நின்றுவிடும், அப்புறம் எந்தச் சாமி வந்தாலும் நடக்காது.

எக்ஸ்ரேயின் மகனுக்கு உயரமான, ஜீப் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கிற வண்டிமேல் ஆசை. அதில் போனால் ஊரே திரும்பிப் பார்க்கும் என்றான்.

"ஊர் பாக்குறதுக்கு வண்டியா, உங்க தாத்தா ஏறுறதுக்கு வண்டியா? அதுல ஏத்தணும்னா முதல்ல ஏணி வாங்கணும்" என்றார் எக்ஸ்ரே.

தரை தாழ்ந்து, பக்கக் கதவு தள்ளித் திறக்கிற ஏழு சீட்டு வேன் என்று முடிவாயிற்று. துடைப்பக் கழியில் பழைய பைக் கண்ணாடி ஒன்றைக் கட்டிக்கொண்டு அவர் கிளம்பினார். பார்த்த வண்டியெல்லாம் அவர் கண்ணில் குற்றவாளிதான். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்து அதன் வேரில் சேறு காய்ந்த கோடு இருக்கிறதா என்று பார்ப்பார். வெள்ளத்தில் முங்கிய வண்டியைக் கழுவிவிடலாம், பெல்ட்டின் வேரை எவனும் கழுவ மாட்டான். மிதியடியைத் தூக்கி மோந்து பார்ப்பார். பானெட் கீலில் இருக்கும் போல்ட்டில் பெயின்ட் உடைந்திருந்தால், "அடிபட்ட வண்டி, இதோட மூஞ்சிய மாத்திட்டாங்க" என்று எழுந்துவிடுவார். ஒரு பக்கமாகத் தேய்ந்த டயர், எண்ணெய் மூடிக்கடியில் வெள்ளை நுரை, புதுசாக ஒட்டிய பழைய நம்பர், எதுவும் தப்பாது. பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட இவ்வளவு பார்க்க மாட்டார்கள் என்று தலையில் அடித்துக்கொண்டான் மகன்.

கடைசியாக ஒரு வண்டி வந்தது. புரோக்கர் எதற்கும் சிரிக்கிறவன். அதுவே எக்ஸ்ரேக்கு முதல் சந்தேகம்.

"பல் டாக்டர் வீட்டு வண்டி அண்ணே. அவர் ஒருத்தர் கைதான் பட்டிருக்கு. கண்ண மூடிட்டு எடுங்க."

"பல் டாக்டரா? சொத்தைய உள்ள அடைச்சு மேல வெள்ளையாப் பூசுறதுதானேய்யா அவர் தொழிலே."

காலையிலிருந்து வெயில் ஏறும்வரை அந்த வண்டியின் அடியில் கிடந்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. மெக்கானிக்கைக் கூட்டிவந்து காட்டினார். நல்ல வண்டி என்றான் அவன். இவனும் புரோக்கரும் கூட்டோ என்று வேறொரு மெக்கானிக்கிடம் போனார். அவனும் அதையே சொன்னான். குறையே இல்லாத வண்டியை எவன் விற்பான் என்கிற கேள்வி நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருக்க, வேறு வழியில்லாமல் வாங்கினார்.

வாங்கிய பிறகு பராமரிப்பு. பச்சைப்பிள்ளை வளர்ப்பு தோற்றுவிடும். ஷிப்டுக்குப் போகுமுன் எண்ணெய்க் குச்சியை உருவித் துடைத்துப் பார்ப்பார். சக்கரத்துக்குக் காற்றடிக்கிற பையனின் கருவியை நம்பாமல் சொந்தக் கருவி வைத்திருந்தார். பட்டறையில் எண்ணெய் மாற்றினால் பழைய பில்டரைக் காகிதத்தில் சுருட்டி வாங்கிவந்துவிடுவார். புதுசு போட்டேன் என்று சொல்லிவிட்டுப் பழசையே துடைத்து மாட்டிவிட்டால்? வீட்டுக்குப் பின்னால் கறுத்த பில்டர்களாகக் குவிந்து கிடந்தது. வண்டியை அவரைத் தவிர வேறு யாரும் தொடக்கூடாது. அதனால் மாமனாருக்கு வாரத்தில் ஒரே நாள், அவர் லீவு நாளில்தான் பயிற்சி. மூன்று தடவை வரச் சொன்னார்களே என்று மனைவி கேட்டதற்கு, "பில்லு போடறதுக்குச் சொல்வாங்க. நீயும் நம்புற" என்று முடித்துவிட்டார். இரண்டாவது சாவியை மனைவியிடம் மட்டும் கொடுத்திருந்தார். உலகத்தில் அவர் சந்தேகப்படாத ஆள் அவள் ஒருத்திதான்.

"யார் கேட்டாலும் குடுக்காத. முக்கியமா உன் புள்ள கேட்டா."

"யாருக்கும் குடுக்க மாட்டேங்க" என்றாள் அவள். வாக்குத் தவறாதவள்.

வண்டி எவ்வளவு ஓடியிருக்கிறது என்பது அவருக்குத் தன் பேர் மாதிரி மனப்பாடம். ஒரு லீவு நாள் காலையில் மீட்டரைப் பார்த்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவர் ஓட்டாமலே வண்டி ஓடியிருந்தது. டிரைவர் சீட் ஒரு பல் முன்னால் நகர்ந்திருந்தது. நடுக்கண்ணாடி தாழ்ந்திருந்தது.

மகன் பனைமரம் மாதிரி வளர்ந்தவன். அந்த சீட்டில் அப்படி உட்கார்ந்தால் முழங்கால் தாடையில் இடிக்கும். இன்னொருவராக இருந்தால் அதோடு மகனை விட்டிருப்பார். எக்ஸ்ரே வேறுமாதிரிக் கணக்குப் போட்டார்: நெட்டையன் ஓட்டிவிட்டு, குட்டையன் ஓட்டின மாதிரி சீட்டை நகர்த்தி வைத்திருக்கிறான். என்னையே ஏமாற்றப் பார்க்கிறான். பெரிய கள்ளன்.

அன்றிலிருந்து மகனின் சட்டையை மோந்து பார்த்தார், செருப்பின் அடியைத் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் சிக்கவில்லை. புரோக்கர் கள்ளச்சாவி வைத்திருப்பானோ என்று கதவுப் பூட்டை மாற்றினார். புதுப்பூட்டின் இரண்டாவது சாவியையும் மனைவியிடமே கொடுத்தார். மீட்டர் நிற்கவில்லை.

சாப்பிடும்போது எல்லோர் முன்னாலும் போட்டு உடைத்தார்.

"இந்த வண்டிய எவனோ எடுக்குறான். யாருன்னு வர்ற லீவுக்குள்ள தெரியணும். இல்ல, அன்னிக்கே வித்துடுவேன்."

கரண்டியோடு நீண்ட மனைவியின் கை பாதியில் நின்றது. மாமனார் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். அதை அவர் வலது கையில் பிடித்திருந்தார். எக்ஸ்ரே அதையெல்லாம் எங்கே பார்த்தார்? மகனின் முகத்தை அல்லவா தோண்டிக்கொண்டிருந்தார்.

"என்னயே ஏம்ப்பா பாக்குறீங்க?" என்றான் அவன்.

"நீ ஏன் கேக்குற?"

அவன் தட்டைத் தூக்கிக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டான்.

லீவு நெருங்கியது. வண்டியை விற்றால் மாமனாருக்கு மறுபடி ஆட்டோதான், இல்லாவிட்டால் கட்டில்தான். மனைவி இரண்டு தடவை ஏதோ சொல்ல வாயெடுத்து, அவர் பார்த்த பார்வையில் மென்று விழுங்கிக்கொண்டாள்.

லீவுக்கு முந்தின நாள் துடைப்பக் கழிக் கண்ணாடியை வண்டிக்கடியில் விட்டார். அடித்தகட்டில், நட்ட நடுவில், நீளமாக ஒரு உராய்வு. அதில் மஞ்சள் பெயின்ட் ஒட்டியிருந்தது. பழசு மேல் புதுசாக, பல தடவை பட்ட உராய்வு.

மஞ்சள் அடித்த உயரமான வேகத்தடை. நேராக ஏறினால்தான் நடு வயிறு தட்டும். தெரிந்தவன் சாய்த்து ஏற்றுவான். ஊரில் எங்கே இருக்கிறது அப்படி ஒரு மேடு? ஒயின் ஷாப் தெருவில் வேகத்தடையே இல்லை. சினிமா கொட்டகை முன்னால் இருப்பது தாழ்ந்தது. யோசித்துக்கொண்டே போனவருக்குச் சட்டென்று நினைவு வந்தது. வாராவாரம் அவரே சாய்த்துச் சாய்த்து ஏற்றுகிற மேடு. பயிற்சி நிலைய வாசல்.

அங்கே இவனுக்கு என்ன வேலை? எந்த நர்சைப் பார்க்கப் போகிறான்?

அன்றைக்கே கூட்டாளியிடம் ஷிப்டை மாற்றிக்கொண்டு போய், பயிற்சி நிலையத்துக்கு எதிரே பெட்டிக்கடை மறைவில் நின்றார். டீ ஆறியது. மகனைப் பிடித்தால் கழுத்தைப் பிடிப்பதா சட்டையைப் பிடிப்பதா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே தெருமுனையில் வேன் திரும்பியது. நேராக வந்தது. மேட்டில் நேராக ஏறியது. கர்ர்ரென்று அடிவயிறு உரசிய சத்தம் அவர் அடிவயிற்றில் கேட்டது.

கேட்டில் பழகிய கால், தானாக ரோட்டுக்கு வந்தது. பழகிய கை உயர்ந்தது. வண்டி குலுங்காமல் நின்றது.

டிரைவர் சீட்டில் அவர் மனைவி. அவளை உயர்த்த அடியில் ஒரு தலையணை. பின்னால் நடு சீட்டில் மாமனார்.

எக்ஸ்ரே டிரைவர் பக்க ஜன்னலுக்குப் போனார். கேட்டில் கேட்கிற கேள்விதான் வாயில் வந்தது.

"லைசன்ஸ் இருக்கா?"

அவள் பைக்குள்ளிருந்து எடுத்து நீட்டினாள். வாங்கி முன்னும் பின்னும் திருப்பி, வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். போட்டோவைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். ஒரே ஆள்தான்.

"தையல் கிளாஸ்?"

"அது டிரைவிங் கிளாஸ்ங்க" என்றாள். "கேட்டா விடமாட்டீங்க. அப்பா கால் போயிடும். சாவி மட்டும் யார் கேட்டும் நான் குடுக்கலைங்க."

மாமனார் இதற்குள் தள்ளிய கதவுக் கம்பியை வலது கையால் பிடித்து, ஒரு காலைத் தரையில் ஊன்றி, மற்றதை இழுத்து இறக்கி நின்றிருந்தார். யாரும் தாங்கவில்லை. எக்ஸ்ரே அந்தக் காலைக் கீழிருந்து மேல்வரை பார்த்தார். ஒளித்துவைத்தது ஒன்றும் அதில் இல்லை.

லைசன்ஸைத் திருப்பிக் கொடுத்தார்.

"மேட்டுல சாய்ச்சு ஏத்து. நேரா ஏத்தினா அடியில இருக்கிற ஆயில் சேம்பர் உடைஞ்சுடும்."

வண்டி விற்கிற பேச்சு அங்கேயே முடிந்தது. பயிற்சி முடிந்து திரும்பும்போது அவர் ஒன்றும் சொல்லாமல் கடைசி வரிசையில் ஏறி உட்கார்ந்தார். வாங்கின நாளிலிருந்து அந்த சீட்டில் அவர் உட்கார்ந்ததில்லை. வண்டி மேட்டைச் சாய்வாகக் கடந்தது, உரசவில்லை. ஆனால் அவருக்குப் பின்னால் எங்கோ டொக்கு டொக்கென்று ஒரு சத்தம்.

அவர் காதை சீட்டோடு வைத்தார்.

"நில்லு நில்லு. இந்தச் சத்தம் எப்போலேர்ந்து? அந்தப் பல் டாக்டர் இதத்தான் மறைச்சிருக்கான்."

மாமனார் நடு சீட்டிலிருந்து மெல்லத் தலையைத் திருப்பினார். வார்த்தை ஒவ்வொன்றாகத்தான் வந்தது.

"அது... என் ஊன்றுகோல், மாப்ள."

எக்ஸ்ரே நம்பவில்லை. ஊன்றுகோலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, சத்தம் நிற்கிறதா என்று வீடு வரும்வரை கேட்டுக்கொண்டே வந்தார்.